வலது முன்சக்கரம்

ஏலகிரி இறக்கத்தில்,
ஏதோ ஒரு புலவர் பெயர் வைத்த வளைவில்,
பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.
இரண்டாம் மிதிக்குப் பிடித்தது.
அடுத்த வளைவில்
யோசித்துப் பிடித்தது.
பொன்னேரி வந்து நிறுத்தியபோது
சக்கரத்திலிருந்து கருகல் வாடை.

“வலப்பக்கம் இழுக்குது” என்றேன்.
“ரோடு சாய்வு” என்றார் கிதியோன்.
“பிரேக்கத் தொடாமலே இழுக்குது.”
“நீ ஸ்டியரிங் பிடிக்கிற பிடி அப்படி.”

அத்தோடு பதினோரு நாள்.
சத்துவாச்சாரி மூன்றாவது ஃபேஸில்
ஃபிரிட்ஜ் மேல் சீட்டு எழுதி வைத்துக் குடித்தனம்.
கேஸ் வந்தது.
பால்காரருக்கு நாற்பது பாக்கி.
உங்கள் தங்கை போன் செய்தாள்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்.
மீட்டர் காட்டுவதைத்தான் அட்டையில் எழுதுவேன்,
வீட்டுக்காரர் சொல்வதை அல்ல.

ஞாயிறு ஆராதனை முடிந்து சேலையை மாற்றிக்கொண்டு
அறுபத்து நாலாம் வருஷத்து ஃபியட்டை
பாலாற்றுப் பாலம் வரை ஓட்டித் திரும்பினேன்.
வாசலில் நிறுத்தி,
சொம்பில் விரல் நனைத்து
டிரம்முக்கு ஒரு சொட்டு.
இடது முன்: வழிந்தது.
பின்னால் இரண்டும் வழிந்தன.
வலது முன்: சுர்ர்ர்.
தோசை வார்க்கலாம்.

ஆறவிட்டு, ஜாக்கி ஏற்றி
கையால் சுற்றினால் சக்கரம் அசைய மறுத்தது.
ஷூ ஒட்டியிருக்கலாம், ஸ்பிரிங் செத்திருக்கலாம்,
மாஸ்டர் சிலிண்டர் திருப்பி வாங்காமல் இருக்கலாம்.
லாம், லாம், லாம்.
அட்டையில் ‘லாம்’ எழுத இடம் கிடையாது.

ஆனால் இதற்கு இரண்டு பேர் வேண்டும்,
ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே கிடக்க.
இந்த வண்டியைச் செய்தவன்
சண்டை போட்ட வீடுகளை நினைத்துப் பார்க்கவில்லை.

ஸ்பேனரால் பம்பரை இரண்டு தட்டு தட்டினேன்.
பேப்பரை மடித்தபடி வந்து
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

“மிதி” என்றேன்.
பதினோரு நாளில் முதல் சொல்.
‘ங்க’ போட மறந்திருந்தேன்.
மிதித்தார்.
“விடு.”
விட்டார். சக்கரம் விடவில்லை.

நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
என் மூக்குக்கண்ணாடி மேல் பீய்ச்சியது ஆயில்,
சக்கரம் ராட்டினம் போலச் சுழன்றது.
ஆக, ஷூ மேல் குற்றமில்லை, ஸ்பிரிங் மேலும் இல்லை.
உள்ளே போன அழுத்தம்
வெளியே வர வழியின்றி நின்றிருக்கிறது.

நிப்பிளை இறுக்கி, மறுபடி
“மிதி. விடு.”
இந்த முறை ஹோஸின் மறுமுனையில்,
இரும்புக் குழாய் சேரும் இடத்தில் திறந்தேன்.
இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.
சக்கரம் பிடித்தது பிடித்தபடி.

மாஸ்டர் சிலிண்டரும் தப்பித்தது.
மிச்சம் இருப்பது ஒரு சாண் ரப்பர்.

கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.
வெளியே ஒரு கீறல் கிடையாது.
வாயில் வைத்து ஊதினார்.
கன்னம் உப்பியது, காது சிவந்தது, காற்று போகவில்லை.
பிளேடால் குறுக்கே அறுத்தோம்:
உள்ளே ரப்பர் ஊதிப்போய்
ஊசிக்காது அளவுக்கு ஓட்டை.

“காலால அழுத்தினா போகுது,” என்றார் மெதுவாக,
“தானா திரும்பி வர மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் ஹோஸைப் பார்த்தேன்.
மே மாதத்துப் பகல் பதினொன்றரை மணி,
உவமை பேசுகிற வெயிலா அது.
இது ஹோஸ். இதற்கு அறுபது வயது இருக்கலாம்.
(‘லாம்’ தான். பரவாயில்லை.)

குளித்துவிட்டுச் சீட்டு எழுதி வைத்தேன்:
ஹோஸ் இரண்டு, இடப்பக்கத்துக்கும் அதே வயசு.
பிரேக் ஆயில் அரை லிட்டர்.
கத்திரிக்காய், இலவம்பாடி முள்ளு என்றால் மட்டும்.

சாயங்காலம் மூன்றும் மேஜை மேல் இருந்தன.
சீட்டின் அடியில் பென்சிலில், சிறியதாக:

ரோடும் கொஞ்சம் சாய்வுதான்.